பன்னும் டீயும் போதுமா? வீட்டிலேயே சுட்டு எடுக்கலாம் சத்தான ஓட்ஸ்! ஓவன் வேண்டாம், பழைய சட்டி போதும்

திருப்பூர்:

காலை 8 மணி ஆனால் திருப்பூர் பேக்கரிகளில் நிற்கக்கூட இடம் இருக்காது. எட்டரை மணி ஷிப்டுக்கு ஓடுகிற டெய்லர், செக்கிங் பெண்கள், அயர்ன் மாஸ்டர், பேக்கிங் பையன் என்று எல்லார் கையிலும் ஒரு கிளாஸ் டீ, ஒரு பன். சிலர் அதுவும் இல்லாமல் வெறும் டீயோடு மெஷினில் போய் உட்கார்ந்து விடுகிறார்கள். டீ டைம் வருவதற்குள் பசி வயிற்றைக் கிள்ளுகிறது. அப்போது கைக்குக் கிடைப்பது வடை, பஜ்ஜி, பப்ஸ்தான்.

ஒரு நாள், இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. வருஷக்கணக்கில் இப்படியே ஓடினால்? மைதா, சர்க்கரை, எண்ணெய் மூன்றும் சேர்ந்து உடம்பில் தங்கிவிடும். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்கு எடை ஏறும். நாற்பது வயதைத் தாண்டியதும் சுகர், பி.பி., கொலஸ்ட்ரால் என்று ஒவ்வொன்றாக வந்து கதவைத் தட்டும்.

அரசு தொடக்கப் பள்ளியில் படிக்கிற குழந்தைக்குக் காலை உணவு தர தமிழக அரசு 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் திட்டம் தொடங்கியது. பசியோடு வகுப்பில் உட்கார்ந்தால் படிப்பு ஏறாது என்பதுதான் காரணம். அந்தக் குழந்தையின் அப்பா, அம்மாவுக்கும் அதே பசிதானே? பசியோடு மெஷினில் உட்கார்ந்தால் தலை சுற்றும், கை நடுங்கும். ஊசி விரலில் ஏறவும் வாய்ப்பு உண்டு.

'எல்லாம் தெரியுதுங்க. விடியக்காலையில எழுந்து யார் இட்லி, சட்னி செய்யறது?' என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான். ஒரு தடவை செய்து, டப்பாவில் போட்டு, ஷிப்டுக்குக் கையோடு கொண்டுபோகிற மாதிரி ஒரு பண்டம் இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் சுட்ட ஓட்ஸ்.

இது என்ன பண்டம்?

ஓட்ஸ் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது கொழகொழ கஞ்சி. 'அது காய்ச்சல்காரன் சாப்பாடு' என்று முகத்தைச் சுளிப்பவர்கள் ஏராளம். ஒரு வாரம் சாப்பிட்டுவிட்டு, மிச்ச பாக்கெட்டை அலமாரியில் வண்டு பிடிக்க விட்ட வீடுகளும் நிறைய.

சுட்ட ஓட்ஸ் அப்படி இல்லை. ஓட்ஸ், பால், வாழைப்பழம், முட்டை எல்லாவற்றையும் கலந்து கேக் மாதிரி வேகவைத்து, துண்டு போட்டுச் சாப்பிடுவது. மேலே லேசாக மொறுமொறு, உள்ளே மெத்தென்று இருக்கும். அமெரிக்காவில் பென்சில்வேனியா பக்கத்து கிராம மக்களிடம் பழக்கத்தில் இருந்த காலை பலகாரம் இது. இப்போது உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

ஓட்ஸ் குளிர் பிரதேசத்தில் நன்றாக விளையும் தானியம். வடஇந்தியாவில் மாட்டுத் தீவனத்துக்காகவும் பயிரிடுகிறார்கள். நெல், கோதுமை மாதிரி இதுவும் ஒரு புல் வகைப் பயிர். உமியை நீக்கி, ஆவியில் வேகவைத்து, உருளையில் விட்டு நசுக்கினால் அவல் மாதிரி தட்டையாக வரும். அதுதான் கடையில் கிடைக்கிற ஓட்ஸ்.

அப்படி என்ன விசேஷம்?

100 கிராம் ஓட்ஸில் சுமார் 10 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. பச்சரிசியில் இது சுமார் 3 கிராம்தான். ஓட்ஸில் புரதமும் அரிசியைவிட அதிகம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அதில் உள்ள 'பீட்டா குளுக்கன்' என்ற நார்ச்சத்து. ஓட்ஸ் கஞ்சி கொழகொழ என்று ஆவதற்கு இதுதான் காரணம். வயிற்றுக்குள் போனதும் இது தண்ணீரை உறிஞ்சி பசை மாதிரி ஆகிறது. இதனால் சாப்பாடு மெதுவாகச் செரிக்கிறது. பசி சீக்கிரம் எடுப்பதில்லை. குடலில் உள்ள பித்த நீரையும் இது இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. புதிதாகப் பித்தம் சுரக்க ஈரல் ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. கெட்ட கொலஸ்ட்ரால் கொஞ்சம் குறைவது இப்படித்தான்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதை 1997-ல் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒரு கணக்கும் சொன்னது. தினமும் 3 கிராம் பீட்டா குளுக்கன் உடம்புக்குள் போக வேண்டும். 100 கிராம் ஓட்ஸில் இருப்பது சுமார் 4 கிராம். அதாவது தினமும் 75 கிராம் ஓட்ஸ் சாப்பிட்டால்தான் அந்தக் கணக்கு வரும். கொழுப்பான மற்ற சாப்பாட்டையும் குறைக்க வேண்டும். காலையில் ரெண்டு ஸ்பூன் ஓட்ஸ், மத்தியானம் பிரியாணி, ராத்திரி புரோட்டா என்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கடையில் ஏமாறாதீங்க!

மளிகைக்கடை, சூப்பர் மார்க்கெட்டில் ஓட்ஸ் பல வேஷத்தில் நிற்கிறது. எதை வாங்குவது?

முழுசாக வெட்டிய ஓட்ஸ்: ரவை மாதிரி கடினமாக இருக்கும். வேக நேரம் ஆகும். சத்தில் குறையில்லை. ஆனால் இந்தப் பண்டத்துக்கு ஒத்து வராது.

தட்டை ஓட்ஸ் (ரோல்டு ஓட்ஸ்): கெட்டி அவல் மாதிரி பெரிய இதழாக இருக்கும். சுடுவதற்கு இதுதான் நம்பர் ஒன்.

குவிக் ஓட்ஸ், இன்ஸ்டன்ட் ஓட்ஸ்: மெல்லிசாக நசுக்கியது. பெரும்பாலான கடைகளில் கிடைப்பது இதுதான். இதிலும் செய்யலாம். பாலை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மசாலா ஓட்ஸ்: இங்கேதான் உஷார்! சின்ன பாக்கெட்டில் உப்பு, மசாலா, சுவையூட்டி எல்லாம் சேர்ந்தே வருகிறது. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாக்கெட்டின் பின்பக்கம் 'சோடியம்' என்று ஒரு வரி இருக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் சுமார் 1 கிராம் உப்பு என்று அர்த்தம். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்த வரியைப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

இன்னொரு விஷயம். பாக்கெட்டில் பொருட்களின் பெயர் எந்த வரிசையில் இருக்கிறது என்று பாருங்கள். எது அதிகமோ அது முதலில், எது குறைவோ அது கடைசியில் என்பதுதான் சட்டம். ஓட்ஸ் என்று எழுதி, இரண்டாவது இடத்திலேயே சர்க்கரை வந்தால் அந்தப் பாக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். 'தேன் சுவை', 'சாக்லேட் சுவை' என்று படம் போட்ட பாக்கெட்டுகளில் இது சகஜம்.

விலையையும் கிலோ கணக்கில் பாருங்கள். சின்ன பாக்கெட்டின் விலையை அதன் கிராம் எடையால் வகுத்து, 1000-ஆல் பெருக்கினால் ஒரு கிலோ விலை வந்துவிடும். சின்ன பாக்கெட் மலிவு மாதிரி தெரியும். கணக்குப் போட்டால் பெரும்பாலும் பெரிய பாக்கெட்டைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

என்னென்ன வேண்டும்?

இது நாலு பேருக்கான கணக்கு. டம்ளர் என்றால் 200 மில்லி பிடிக்கிற டம்ளர்.

ஓட்ஸ் - 2 டம்ளர் (சுமார் 160 கிராம்)
காய்ச்சி ஆறிய பால் - ஒன்றரை டம்ளர் (குவிக் ஓட்ஸ் என்றால் ஒன்றேகால் டம்ளர்)
நன்றாகப் பழுத்த வாழைப்பழம் - 2
முட்டை - 1
பேக்கிங் பவுடர் - 1 டீஸ்பூன்
வறுத்து உடைத்த நிலக்கடலை - ஒரு கைப்பிடி
பேரீச்சம்பழம் - 6 (கொட்டை நீக்கி நறுக்கியது)
ஏலக்காய்த் தூள் - கால் டீஸ்பூன்
உப்பு - ஒரு சிட்டிகை
எண்ணெய் அல்லது நெய் - பாத்திரத்தில் தடவ மட்டும்

பேக்கிங் பவுடர் வேறு, சமையல் சோடா வேறு. இரண்டும் வெள்ளையாக இருப்பதால் பலர் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். ஒரு டீஸ்பூன் சமையல் சோடா போட்டால் சோப்பு வாடை வந்து வாயில் வைக்க முடியாது. கடையில் 'பேக்கிங் பவுடர்' என்று கேட்டு வாங்குங்கள்.

முட்டை சேர்க்காதவர்கள் இன்னொரு வாழைப்பழத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். துண்டு கொஞ்சம் மெத்தென்று இருக்கும், அவ்வளவுதான். சர்க்கரை, வெல்லம் எதுவும் வேண்டாம். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த வாழைப்பழமே போதுமான இனிப்பைத் தரும். அந்த மாதிரி பழத்தைக் கடைக்காரர் விலை குறைத்தும் கொடுப்பார்.

செய்வது எப்படி?

முதலில் ஒரு குண்டாவில் வாழைப்பழத்தைத் தோல் உரித்து, கட்டி இல்லாமல் நன்றாகப் பிசையுங்கள். அதில் முட்டையை உடைத்து ஊற்றி அடியுங்கள். பாலை ஊற்றிக் கலக்குங்கள். பால் சூடாக இருந்தால் முட்டை திரிந்துவிடும். அதனால் ஆறின பால்தான் வேண்டும்.

இன்னொரு பாத்திரத்தில் ஓட்ஸ், பேக்கிங் பவுடர், உப்பு, ஏலக்காய்த் தூள், நிலக்கடலை எல்லாவற்றையும் கலந்து வையுங்கள். இதைப் பால் கலவையில் கொட்டி, பேரீச்சம்பழத்தையும் போட்டு ஒரு கிளறு கிளறுங்கள். 5 நிமிஷம் அப்படியே விடுங்கள். ஓட்ஸ் கொஞ்சம் பாலை உறிஞ்சிக்கொள்ளும். மாவு இட்லி மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக, ஊற்றுகிற பதத்தில் இருக்க வேண்டும்.

7 அங்குல அகலமுள்ள வட்டமான அலுமினிய கேக் தட்டு அல்லது கனமான எவர்சில்வர் பாத்திரத்தில் உள்ளே முழுக்க எண்ணெய் தடவுங்கள். கலவையை ஊற்றி, மேலே சமப்படுத்துங்கள்.

ஓவன் இருக்கிறவர்கள் 180 டிகிரியில் 10 நிமிஷம் முன்கூட்டியே சூடாக்கி, பிறகு உள்ளே வைத்து 35 முதல் 40 நிமிஷம் விட்டால் போதும்.

ஓவன் இல்லையா? கவலையை விடுங்க!

லைன் வீட்டில் ஒற்றை ரூமில் குடும்பம் நடத்துகிறவர்கள் ஓவனுக்கு எங்கே போவது? கேஸ் அடுப்பும் ஒரு பழைய கனமான சட்டியும் இருந்தால் போதும்.

அடி கனமான பெரிய சட்டியில் 2 டம்ளர் கல் உப்பைப் பரப்புங்கள். அதன்மேல் ஒரு இரும்பு வளையமோ, சின்ன ஸ்டாண்டோ வையுங்கள். தட்டு போட்டு மூடி, மிதமான தீயில் 10 நிமிஷம் சூடாக்குங்கள். தண்ணீர் ஒரு சொட்டுகூட ஊற்றக்கூடாது. பிறகு இடுக்கியால் பிடித்து, ஓட்ஸ் பாத்திரத்தை ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள். பாத்திரத்தைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி இருந்தால்தான் சூடு எல்லாப் பக்கமும் பரவும். மூடி, தீயைக் குறைத்து 45 முதல் 50 நிமிஷம் விடுங்கள்.

வெந்ததா என்று பார்க்க நடுவில் ஒரு கத்தியைக் குத்தி எடுங்கள். ஈரமாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஒட்டினால் இன்னும் 5 நிமிஷம்.

இதில் சில விஷயங்களில் ஜாக்கிரதை தேவை. நான்-ஸ்டிக் பாத்திரத்தை உப்பு போட்டுக் காய வைக்கக்கூடாது, பூச்சு கெட்டுவிடும். தினமும் பருப்பு வேகவைக்கிற பிரஷர் குக்கரையும் இதற்கு எடுக்காதீர்கள். தண்ணீர் இல்லாமல் நேரம் கணக்கில்லாமல் காய்ந்தால் குக்கர் வீணாகிவிடும். ஓரம் கட்டிப்போட்ட பழைய குக்கர் இருந்தால், கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட்டுத்தான் மூட வேண்டும். சூடான உப்பு தோலில் பட்டால் கொப்பளித்துவிடும். குழந்தைகள் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உப்பு ஆறியதும் ஒரு டப்பாவில் எடுத்து வைத்தால் அடுத்த தடவைக்கும் அதையே போடலாம். சமையலுக்கு வேண்டாம்.

அவசரத்துக்கு இட்லி சட்டி

50 நிமிஷம் கேஸ் எரிந்தால் கட்டுப்படியாகாது என்கிறவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பாலை 1 டம்ளராகக் குறைத்துக் கலந்து, எண்ணெய் தடவிய இட்லித் தட்டில் ஊற்றி ஆவியில் 15 முதல் 20 நிமிஷம் வேகவையுங்கள். மேலே மொறுமொறுப்பு வராது. ஓட்ஸ் இட்லி மாதிரி மெத்தென்று இருக்கும். சத்து ஒன்றும் குறையாது. மொறுமொறுப்பு வேண்டும் என்றால் ஆவியில் வெந்ததை எடுத்து, தோசைக்கல்லில் ரெண்டு பக்கமும் ஒரு நிமிஷம் போட்டு எடுங்கள். பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

இனிப்பு பிடிக்காதா? காரமும் ரெடி!

'காலங்காத்தால இனிப்பா?' என்கிறவர்கள் நம்ம ஊரில் அதிகம். அவர்களுக்குக் கார ஓட்ஸ்.

2 டம்ளர் ஓட்ஸுக்கு 1 டம்ளர் தயிர், அரை டம்ளர் தண்ணீர், 2 முட்டை. நறுக்கிய பெரிய வெங்காயம் 1, துருவிய கேரட் 1, பச்சை மிளகாய் 2, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, அரை டீஸ்பூன் சீரகம், அரை டீஸ்பூன் உப்பு, 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடர். வெங்காயம், மிளகாய், கீரையை ஒரு ஸ்பூன் எண்ணெயில் வதக்கி ஆறவைத்துச் சேர்த்தால் பச்சை வாடை இருக்காது. மற்றதெல்லாம் அதே முறைதான். தொட்டுக்கொள்ள சட்னிகூட வேண்டாம். முருங்கைக்கீரைக்குக் காசு கொடுக்க வேண்டிய அவசியம் பல வீடுகளில் இல்லை. கொல்லையிலோ, பக்கத்து வீட்டிலோ மரம் நிற்கும்.

சொதப்புவது எங்கே?

முதல் தடவை செய்கிறவர்கள் சொல்கிற புகார் மூன்று.

'நடுவுல வேகல': தீ அதிகமாக இருந்திருக்கும். அடி கருகி, நடு பச்சையாக நிற்கும். தீயைக் குறைத்து, நேரத்தைக் கூட்ட வேண்டும். பாத்திரம் ரொம்பச் சின்னதாக இருந்து மாவு உயரமாக நின்றாலும் இதே கதைதான். இரண்டு விரல் உயரத்துக்கு மேல் ஊற்றாதீர்கள்.

'எடுக்கும்போது உதிருது': சூட்டோடு வெட்டியிருப்பீர்கள். 15 நிமிஷம் ஆறவிட்டால்தான் கெட்டிப்படும்.

'கட்டை மாதிரி ஆயிடுச்சு': பால் குறைந்துவிட்டது, இல்லையென்றால் நேரம் கூடிவிட்டது. அடுத்த தடவை கால் டம்ளர் பால் கூடச் சேருங்கள். கட்டையாகிப் போனதைக் குப்பையில் போட வேண்டாம். சூடான பாலில் ஊறவைத்துச் சாப்பிடலாம்.

சுகர் இருக்கிறவங்க கவனிக்க...

'ஓட்ஸ் சாப்பிட்டால் சுகர் இறங்கிவிடும்' என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் சுற்றுகிறது. இது முழு உண்மை இல்லை. ஓட்ஸிலும் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். சர்க்கரையைக் கொஞ்சம் மெதுவாக ஏற்றும், அவ்வளவுதான். மூன்று துண்டு சாப்பிட்டால் நாலு இட்லி சாப்பிட்ட மாதிரி சுகர் ஏறத்தான் செய்யும்.

மேலே சொன்ன கணக்கில் நாலில் ஒரு துண்டு சுமார் 300 கலோரி வரும். புரதம் சுமார் 10 கிராம். ஓட்ஸ் 40 கிராம். அதாவது கொலஸ்ட்ராலுக்குச் சொல்கிற 75 கிராமில் பாதிதான் ஒரு துண்டில் கிடைக்கிறது.

சுகர் உள்ளவர்கள் வாழைப்பழத்தை ஒன்றாகக் குறைத்து, பேரீச்சம்பழத்தை விட்டுவிட்டு, முட்டையை இரண்டாக்கிக்கொள்வது நல்லது. அல்லது கார ஓட்ஸே செய்துகொள்ளலாம். 'நாட்டுச் சர்க்கரை போட்டா ஒண்ணும் ஆகாது' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும்.

ரொம்ப முக்கியமான விஷயம் இது. சுகர் மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் ஷிப்டுக்கு ஓடுவது ஆபத்து. ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கி வியர்த்து, படபடத்து, மயங்கி விழலாம். ஓட்ஸோ, பழைய சோறோ, ஏதாவது ஒன்று வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். அதேபோல, 'நான்தான் ஓட்ஸ் சாப்பிடறேனே' என்று டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவதும் கூடாது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வாழைப்பழம், பேரீச்சம்பழம், ஓட்ஸ் மூன்றையும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். பொட்டாசியம், பாஸ்பரஸ் இவர்களுக்குச் சேராது. கோதுமை ஒத்துக்கொள்ளாத நோய் உள்ளவர்களும் கவனமாக இருக்க வேண்டும். ஒரே ஆலையில் கோதுமையோடு கலந்து வரும் ஓட்ஸ் அவர்களுக்கு ஆகாது. 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு நிலக்கடலையைப் பொடித்துத்தான் போட வேண்டும். முழுசாகப் போட்டால் தொண்டையில் சிக்கும்.

பழக்கம் இல்லாமல் திடீரென்று நார்ச்சத்து அதிகம் சாப்பிட்டால் சிலருக்கு வயிறு உப்பும், காஸ் வரும். முதல் வாரம் பாதித் துண்டில் ஆரம்பித்து, தண்ணீர் நிறையக் குடித்தால் சரியாகிவிடும்.

நம்ம கம்பு இளைச்சதா?

'வெளிநாட்டு தானியத்துக்கு எதுக்குக் காசு?' என்று கேட்கிற பெரியவர்கள் கேள்வியிலும் ஞாயம் இருக்கிறது. தாராபுரம், காங்கேயம் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கம்பஞ்சோறும் சோளச்சோறும்தான் காலைச் சாப்பாடு. உழைத்த உடம்பு அதில்தான் நின்றது.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட பட்டியலைப் பார்த்தால் உண்மை புரியும். 100 கிராம் கம்பில் நார்ச்சத்து 11 கிராமுக்கு மேல் இருக்கிறது. கேழ்வரகிலும் அதே அளவுதான். ஓட்ஸுக்கு இவை சளைத்தவை இல்லை. கேழ்வரகில் கால்சியம் 364 மில்லிகிராம். ஓட்ஸ் இதன் பக்கத்தில்கூட வர முடியாது. கம்பில் இரும்புச் சத்து 6 மில்லிகிராமுக்கு மேல். ரத்தசோகை உள்ள பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் தமிழக அரசும் நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தைத் தொடங்கியது.

ஓட்ஸில் இருந்து கம்பில் இல்லாதது அந்தக் கொழகொழப்பு நார்தான். கொலஸ்ட்ரால் விஷயத்தில் ஓட்ஸுக்குப் பெயர் வந்ததற்கு அதுவே காரணம். மற்றபடி கம்பு அவல், சோள அவல், கேழ்வரகு அவல் எதிலும் இதே பண்டத்தைச் செய்யலாம். பாதி ஓட்ஸ், பாதி கம்பு அவல் போட்டால் இரண்டு பலனும் கிடைக்கும். சிறுதானிய அவல் கொஞ்சம் கடினம். பாலில் 15 நிமிஷம் ஊறவிட்டுச் சேருங்கள். ஒட்டும் தன்மை குறைவு என்பதால் முட்டையை இரண்டாகப் போட்டால் துண்டு உதிராமல் வரும்.

எத்தனை நாள் தாங்கும்?

பால், முட்டை, பழம் சேர்ந்த பண்டம் என்பதால் வெளியில் வைத்தால் நம்ம ஊர் வெயிலுக்கு அன்று ஒரு நாள்தான். காலையில் செய்ததைச் சாயங்காலத்துக்குள் முடித்துவிட வேண்டும். பிரிட்ஜ் இருந்தால் மூடி போட்ட டப்பாவில் 3 நாள் வரை வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுட்டு வைத்தால் புதன்கிழமை காலை வரை கவலை இல்லை. சாப்பிடும்முன் தோசைக்கல்லில் போட்டு நன்றாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜ் இல்லாத வீட்டில், ராத்திரியே பாலில் கலந்து வெளியில் வைத்துவிடாதீர்கள். புளித்துக் கெட்டுவிடும். ஓட்ஸ், பேக்கிங் பவுடர், கடலை என்று காய்ந்த பொருட்களை மட்டும் ராத்திரியே அளந்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். காலையில் பால், பழம், முட்டை சேர்த்து இட்லித் தட்டில் ஊற்றினால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அது ஆவியில் வேகும் நேரத்தில் குளித்துவிட்டு வந்துவிடலாம்.

சூடு முழுக்க ஆறிய பிறகே டிபன் டப்பாவில் போட்டு மூட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, டீ டைமுக்குள் பிசுபிசு என்று ஆகிவிடும்.

ஓட்ஸ் சாப்பிட்டால் ஒரு வாரத்தில் எடை குறையும், சுகர் ஓடிப்போகும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அப்படி ஒரு மந்திரமும் இதில் இல்லை. ஆனால் வெறும் வயிற்றோடு மெஷினில் உட்காருவதற்கும், ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு உட்காருவதற்கும் உள்ள வித்தியாசத்தை முதல் நாளே டீ டைமில் தெரிந்துகொள்ளலாம். கை தானாக வடைத் தட்டுப் பக்கம் போகாது.

வீட்டில் எல்லோருக்கும் கட்டிக்கொடுத்துவிட்டு, தான் மட்டும் வெறும் டீயோடு ஓடுகிற அம்மாக்கள்தான் நம்ம ஊரில் அதிகம். நாலு துண்டு போடும்போது, ஒரு துண்டை முதலில் உங்கள் டப்பாவில் வையுங்கள். மீதி மூன்று அப்புறம்!